வெள்ளைப் பெருக்கல் குறி

என் வீட்டுக்காரருக்கு விமானிகள் வைத்த பெயர் பெருக்கல். அவருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், என்னை வைக்கச் சொல்லியிருந்தால் இதைவிட மோசமாக ஒன்று வைத்திருப்பேன்.

பெயர் வந்த கதை எளிது. எங்கள் விமானத் திடலில் ஓடுபாதை என்பது வெறும் புல். எண்ணூறு மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், சிமெண்டும் கிடையாது, தாரும் கிடையாது. மழை பெய்தால் மண் இளகிவிடும். இளகிய மண்ணில் இறங்கினால் சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழும். அதனால் மழை விட்டதும் விடாததுமாக அவர் இரண்டு நீள வெள்ளைத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார். ஓடுபாதையின் நடுவில் அவற்றைப் பெருக்கல் குறி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து விரித்து, பன்னிரண்டு முளை அடித்து வைப்பார். மேலிருந்து பார்க்கிற விமானிக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: மூடியிருக்கிறது, இறங்காதே. மண் காய்ந்ததும் எடுத்துவிடுவார். ஒவ்வொரு துணியும் பன்னிரண்டு மீட்டர். தைத்தது நான்.

அந்தத் திடல் இப்போது இல்லை. அதை இல்லாமல் ஆக்கியது மழையல்ல, அரசாங்கமும் அல்ல. நான்தான். வீட்டு ஆட்களைத் தவிர ஊரில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் பயந்து பயந்து ஒரு காரியத்தைச் செய்து அதனாலேயே அதைக் கெடுத்தவளைப் பார்த்தால் யாருக்கும் குற்றவாளியாகத் தோன்றாது.

திடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஏதோ ஒரு போரின்போது ராணுவம் வந்து மேய்ச்சல் நிலத்தைச் சமன் செய்தது. நான்கு மாதத்தில் போர் முடிந்துவிட்டது. ஒரு விமானம்கூட இறங்கவில்லையாம். ஒரு தகரக் கொட்டகையையும் காற்றுத் திசை காட்டும் துணிப்பை தொங்குகிற கம்பத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவை பூச்சிமருந்து தெளிக்கும் விமானங்கள். அவருக்குத் திடலைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, நாங்கள் கல்யாணமாகி அங்கே குடிபோனது அந்தச் சமயத்தில்தான். ஒரே நாளில் நாற்பது தடவை ஏறும், இறங்கும். கொடியில் காய்கிற போர்வையில் மருந்து வாடை அடிக்கும். துவைத்ததற்கு அர்த்தமே இருக்காது. பிறகு அந்த மருந்து கூடாது என்றார்கள். தபால் மூட்டை கொண்டுவரும் விமானம் வாரம் இருமுறை வந்தது. சாலை போட்டதும் அதுவும் நின்றது. கடைசியில் எங்களுக்கென்று மிஞ்சியவர்கள் பண்ணை பண்ணையாகப் பறந்து போய் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவரும், ஓட்டிப் பழக வருகிற நாலைந்து பேரும்தான்.

தெளிப்பு விமானக் காலத்தில் ஒரு சாவு நடந்தது. ஓட்டியவருக்கு இருபத்தாறு வயது. காலையில் எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டு, "அக்கா, சர்க்கரை டப்பா எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார். மதியம் திரும்பி இறங்கியபோது ஓடுபாதையில் ஓர் இடம் மட்டும் ஈரம் காயாமல் இருந்திருக்கிறது. சக்கரம் அதில் மாட்டியது. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கவிழ்ந்த விமானத்தின் சக்கரம் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மண் பார்த்து "இறங்கலாம்" என்று கொடி காட்டியவர் என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகுதான் துணி வந்தது, கம்பி வந்தது. கம்பி நெஞ்சு உயரம் இருக்கும், கூர்முனை, மேலே குறுக்குப் பிடி. முனையிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு சிவப்புக் கோடு. ஆறு மாதம் காய்ந்த மண்ணிலும் ஈர மண்ணிலும் குத்திக் குத்திப் பார்த்து அந்தக் கோட்டைப் போட்டார். மழைக்குப் பிறகு ஓடுபாதையில் இருபது இடத்தில் கம்பியை நட்டு, உடம்புப் பாரத்தை எல்லாம் அதன்மேல் போட்டு அழுத்துவார். ஒரே ஓர் இடத்தில் கோடு மண்ணுக்குள் போனாலும் குறி அப்படியே கிடக்கும். இருபது இடத்திலும் வெளியே நின்றால்தான் எடுப்பார். விரித்த தேதி, எடுத்த தேதி இரண்டையும் பதிவேட்டில் எழுதுவார். எந்த விமானம் எப்போது இறங்கியது என்பதும் அதே பதிவேட்டில்தான்.

இதில் அவர் எவ்வளவு பெரிய பைத்தியம் என்றால், சொந்தத் தம்பி கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தவர், ஊரில் மழை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து பஸ் ஏறியவர். என் தம்பிதான் டிராக்டரில் வந்து திடலின் புல் வெட்டுவான். அவனுக்கு இவர் கேலிப்பொருள். "மாமா, துணி கசங்கியிருக்கு பாருங்க. விமானத்துல வர்றவங்க என்ன நெனைப்பாங்க? இஸ்திரி போட்டுடலாமா?" என்பான். இவர் சிரிக்கமாட்டார். உண்மையிலேயே குனிந்து கசங்கலைப் பார்ப்பார்.

ஒரு வருடம் அவருக்குக் குடலிறக்கம் என்று வயிற்றில் அறுவை. நகர ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருக்க வேண்டும். முதல் தேதி வேனை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என் கையில் கம்பியை எவ்வளவு பக்தியாகக் கொடுத்தாரோ, அவ்வளவு பக்தியாகத் தாலியைக்கூடக் கட்டியிருக்கமாட்டார்.

மூன்றாம் தேதி மழை கொட்டியது. நான் தனியாகவே துணியை இழுத்துப் போய் விரித்து, பன்னிரண்டு முளையும் அடித்தேன். ஆறாம் தேதி நல்ல வெயில். கம்பியை எடுத்துக்கொண்டு போய் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். கோடு வெளியே நின்றது. இருபது இடத்திலும் வெளியேதான் நின்றது. சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு என்ன புத்தியோ, திரும்பி வரும் வழியில் பம்புக் குழாயடியில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். வருடம் முழுக்க ஈரமாகவே கிடக்கிற இடம் அது. அங்கேயும் கோடு வெளியேதான் நின்றது.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோடு அவருடைய எடைக்குப் போட்டது. அவர் எண்பத்தைந்து கிலோ. நான் ஐம்பது இருந்தால் அதிகம். நான் அழுத்தினால் சேற்றிலும் கோடு வெளியேதான் நிற்கும். ஆக, என் கையில் இருந்தது வெறும் இரும்பு. மண் காய்ந்துவிட்டதா இல்லையா என்று சொல்ல அந்தத் திடலில் யாருமே இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"எடுத்துட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"ஏன்? வெயில் இல்லையா?"

"வெயில் இருக்கு. நாளைக்கு ஒரு தடவை பார்த்துட்டு…"

"என்ன பார்க்கப் போற? கோடு உள்ள போகுதா? எந்த எடத்துல? கிழக்குக் கோடியிலயா? இரு, நான் கெளம்பி வர்றேன்."

கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து நர்ஸ், "ஐயா, படுங்க! தையல் பிரிஞ்சிடும்!" என்று கத்துவதும் கேட்டது. வருகிறேன் என்றால் வந்துவிடுகிற மனுஷன். 

"ஐயோ, எடுத்துட்டேங்க. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். மத்தியானமே எடுத்துச் சுருட்டி வச்சாச்சு."

"இதுல என்னடி வெளையாட்டு?" என்று திட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சொன்னது சொன்னதுதான் என்று பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். விரித்தது மூன்றாம் தேதி. எடுத்தது ஆறாம் தேதி. துணி என்னவோ அங்கேயே கிடந்தது. தினமும் மதியம் வேலை முடிந்ததும் இரும்பு நாற்காலி ஒன்றைத் தூக்கிப் போய்க் குறியின் பக்கத்திலேயே போட்டு, கிழிந்ததைத் தைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். யாராவது குறியைக் கவனிக்காமல் இறங்கப் பார்த்தால் துணியை வீசி விரட்டலாமே என்று. கவிழ்ந்த சக்கரம் சுற்றியது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பதினொன்றாம் தேதி மதியம் ஒரு விமானம் மிக உயரத்தில் கோடு போட்டது மாதிரி நேராகப் போனது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். நல்லவேளை, குறி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்காம் தேதி, அவர் வருவதற்கு முந்தைய நாள், துணியை எடுத்து மடித்து வைத்தேன். விரிசல் விடுகிற அளவுக்கு மண் காய்ந்திருந்தது.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு நாள் மாட்டு டாக்டர் இறங்கியவர், வழக்கம்போல் டீ கேட்காமல், புது வரைபடத்தை எங்கள் சாப்பாட்டு மேசைமேல் விரித்தார். விமானிகள் எல்லாரும் பார்த்துப் பறக்கிற வரைபடம்.

"பெருக்கல், உங்க திடல் எங்க இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம்."

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பழைய வரைபடத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வட்டம் இருக்கும். புதியதில் ஆறு இருந்தது, சாலை இருந்தது, வட்டத்தைக் காணோம்.

"மூடப்பட்டதுன்னு பட்டியல்ல போட்டிருக்கான். பட்டியல்ல இல்லாத எடத்துல எறங்கினா என் லைசென்ஸ் போயிடும். இதான் கடைசின்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார் டாக்டர்.  நல்ல மனிதர்.

இவர் விமானத் துறைக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. நில அளவைக்காக மேலிருந்து எடுத்த படத்தில் ஓடுபாதையில் மூடல் குறி காணப்பட்டது. படம் எடுத்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய இன்ன மாதம் பதினொன்றாம் தேதி. அன்று மழையில்லை, அதற்கு முந்தைய ஒரு வாரமும் மழையில்லை. எனவே நிரந்தரமாக மூடப்பட்டதாகக் கருதப்பட்டது.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர் பதிவேட்டைப் புரட்டினார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

"ஆறாந்தேதி எடுத்தாச்சுன்னு இருக்கு" என்றார். "உன் கையெழுத்து. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். இவனுங்க வேற எந்தத் திடலோட படத்தையோ நம்ம பேர்ல ஒட்டிட்டானுங்க."

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். இல்லீங்க, அது பொய், துணி அங்கேதான் கிடந்தது என்று ஒரு வரி. வாய் வரைக்கும் வந்தது. அவர் என்னை அவ்வளவு நம்பிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனாலேயே வரவில்லை. "பால் பொங்குது" என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். பால் பொங்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், பொய்க்கணக்கில் இன்னொன்று.

எட்டு மாதம் சண்டை போட்டார். இரண்டாவது கடிதத்தில் "உங்கள் தவறு" என்று எழுதினார், மூன்றாவதில் "உங்கள் பொய்" என்று எழுதினார். ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுவார். "என் பதிவேட்டுல முப்பத்தொரு வருஷமா ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது" என்பது எல்லாக் கடிதத்திலும் வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வெங்காயம் நறுக்குவேன். அந்த எட்டு மாதம் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் வெங்காயம் அதிகம்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு பதிவேட்டையும் தகரப் பெட்டியில் அடுக்கி, என் தம்பி தூக்கி வந்தான். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை. சுவரோரம் கட்டுக் கட்டாகக் கோப்பு, மூலையில் ஓடாத கடிகாரம், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. என் வயது இருக்கும். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"சார், உங்க கோபம் புரியுது. ஒரு வழி இருக்கு. கடைசி மூணு வருஷத்துல திடல் ஓட்டத்துல இருந்துச்சுன்னு சான்று குடுங்க, பட்டியல்ல திரும்பச் சேர்த்துடலாம். விதிப்படி திடலோட பதிவேடுதான் சான்று. வேற சாட்சி செல்லாது."

என் தம்பி பெட்டியை மேசைமேல் வைத்தான். இவர் மூன்று பதிவேட்டை எடுத்து விரித்தார். மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு இறக்கம். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், காற்றின் திசை. அதிகாரி பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவர் முகத்தில் மரியாதை வந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். அந்த மூன்று நிமிடம் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

"ரொம்ப ஒழுங்கா வச்சிருக்கீங்க. அந்தப் படம் மட்டும்தான் இடிக்குது. நீங்களே பார்த்து, இது எங்க திடல் இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டா நான் மேல அனுப்பிடறேன்" என்று சொல்லி, ஒரு பெரிய படத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.

என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தகரக் கொட்டகை தெரிந்தது. கொட்டகைப் பக்கத்தில் வேன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஓடுபாதையின் நடுவில் வெள்ளைக் குறி, அளவெடுத்தது போல அழகாக. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு நிழல். நாற்காலியின் நிழல். அதில் உட்கார்ந்திருக்கிற ஆளின் நிழல்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து, உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்தார்.

"படம் சரிதான் மேடம்" என்றார். "பதிவேடுதான் தப்பு."

"மாமா!" என்றான் என் தம்பி.

"எந்த வரி சார்? யார் எழுதினது?" என்று கேட்டார் அதிகாரி.

"என் பொறுப்புல இருந்த பதிவேடு. நான்தான் தப்பு."

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போனில் சொன்ன பொய், கம்பி, குழாயடி, நாற்காலி. "அந்தச் செவப்புக் கோடு இவரு எடைக்குப் போட்டது மேடம். நான் அழுத்தினா அது எனக்கு ஒண்ணுமே சொல்லாது. பயத்துல எடுக்காம விட்டுட்டேன்" என்றேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "இதை எட்டு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா ஒரே கடிதத்துல முடிஞ்சிருக்கும்மா. தற்காலிகக் குறின்னு எழுதி வட்டத்தைத் திரும்பப் போட்டிருப்போம். இப்ப பதிவேட்டுல பொய் இருக்குன்னு நீங்களே என் முன்னாடி சொல்லிட்டீங்க. ஒரு வரி பொய்னா மத்த வரியை நான் எப்படிச் சான்றுன்னு ஏத்துக்கறது?"

 தம்பி பதிவேடுகளைத் திரும்ப அடுக்கினான். வரும்போது இருந்ததைவிடப் பெட்டி கனமாகிவிட்டது மாதிரி மாடிப்படியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தான்.

ஆணை வந்தது. நாற்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஓடுபாதையில் சுண்ணாம்பால் நிரந்தர மூடல் குறி இட வேண்டும். இட்டதைப் பதிவேட்டில் எழுதி, பதிவேட்டை முடித்து ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு நிலத்தை மண் அள்ளுகிற ஆட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். செங்கல்லுக்கு நல்ல மண்ணாம்.

நாற்பது நாளும் அவர் என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டித் தீர்த்திருப்பேன். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், போதும் என்றால் எழுந்தார். எனக்கு அந்த வீட்டில் மூச்சுவிடவே கூச்சமாக இருந்தது.

கடைசி நாள் காலையில் மண் அள்ளும் இயந்திரம் வந்து வேலிக்கு வெளியே காத்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் ஓடுபாதைக்குப் போனோம். அளவு நாடாவின் ஒரு நுனி அவர் கையில், மறு நுனி என் கையில். பன்னிரண்டு மீட்டர், அதே கோணம். சுண்ணாம்பைக் கோடு கலையாமல் ஊற்றிக்கொண்டே வந்தார். ஒரு துளி வெளியே சிந்தியதைக் கால் விரலால் தேய்த்து மறைத்தார். இனி யாருக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் கொட்டகைக்குப் போய்க் கம்பியை எடுத்து வந்தார். கையில் சின்னச் சிவப்பு வண்ண டப்பாவும் இருந்தது.

"உன் எடை என்ன?" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. "எதுக்கு?"

"சொல்லு."

"நாப்பத்தொன்பது."

கம்பியை என் கையில் கொடுத்து, குழாயடி ஈரத்துக்குக் கூட்டிப் போனார். "அழுத்து. முழுப் பாரமும் போடு." அழுத்தினேன். கம்பி இறங்கி நின்ற இடத்தில் நகத்தால் கீறினார். பிறகு காய்ந்த மண்ணுக்கு வந்து, "இங்க" என்றார். அழுத்தினேன். அங்கேயும் கீறினார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடம். கடைசியில் மண்டியிட்டு உட்கார்ந்து, பழைய கோட்டுக்குக் கீழே, முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மெல்லிய தூரிகையால் புதுக் கோடு ஒன்று போட்டார்.

"இது உன் அளவு" என்றார். "இதை அப்பவே போட்டுக் குடுத்திருக்கணும். எனக்குத் தோணல."

எனக்கு அழுகை பீறிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை. வண்ணம் காயட்டும் என்று கம்பியைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார். வண்டியில் சாமான் ஏற்றிய தம்பி அதைத் தொட்டுவிட்டு, விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்து, எதற்கு என்று கேட்டான். இவர் ஒரு பழந்துணியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

பதிவேட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீயே எழுது" என்றார்.

விரித்தது என்ற கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினேன். சரியான தேதி. அவர் தோளுக்குமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டம், எடுத்தது. பழக்கத்தில் என் கை அங்கே போய் நின்றுவிட்டது. வெளியே இயந்திரத்தை முடுக்கும் சத்தம் கேட்டது.

"அதை விட்டுடு" என்று சொல்லி, என் விரலிலிருந்து பேனாவை வாங்கி மூடினார்.